சொல்லும் பொருளும்: மிஸ்வாக்



நம் இல்லங்களில் அன்றாடம் புழங்கும் அரபுச் சொற்களுள் ஒன்றை மாதந்தோறும் எடுத்துக்கொண்டு, அதன் வேரையும் பொருளையும் பார்த்து வருகிறோம். இம்மாதம் எடுத்துக்கொண்ட சொல் மிஸ்வாக். இதில் ஆராய என்ன இருக்கிறது, பல் துலக்கும் குச்சிக்கு அரபியில் மிஸ்வாக் என்று பெயர், அவ்வளவுதானே என்று கேட்கத் தோன்றும். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அப்படி எண்ணியிருந்ததால் ஒரு சிறுவனுக்கும், அதுவரை நான் கண்டிராத ஒரு மூதாட்டிக்கும் தீங்கிழைத்துவிட்டேன். முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். பிறகு அந்தக் கதைக்கு வருகிறேன்.

அரபுச் சொற்களில் பெரும்பாலானவை மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைப்பவை. மிஸ்வாக்கின் வேர் ஸீன், வாவ், காஃப் என்னும் மூன்று எழுத்துகள். ஸாக என்றால் தேய்த்தான். யஸூகு என்றால் தேய்க்கிறான். இவ்வேரிலிருந்து ஸிவாக், மிஸ்வாக் என்று இரண்டு பெயர்ச்சொற்கள் பிறந்திருக்கின்றன. மிஸ்வாக் என்பது கருவிப்பெயர். மிஃப்தாஹ் என்றால் திறக்கும் கருவி, அதாவது திறவுகோல். மீஸான் என்றால் நிறுக்கும் கருவி, தராசு. மிஃராஜ் என்றால் ஏறும் கருவி, ஏணி. இவையெல்லாம் ஒரே வார்ப்பில் வார்த்த சொற்கள். (நம் பகுதிகளில் கபுறின் தலைமாட்டில் நடும் கல்லையும் மீசான் என்கிறோமே, அது தனிக் கதை. பிறிதொரு மாதம் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.) அந்த வார்ப்பின்படி மிஸ்வாக் என்றால் தேய்க்கும் கருவி என்பதே நேர்ப்பொருள். எந்த மரத்துக் குச்சி என்று அச்சொல் கூறவில்லை. குச்சியாகத்தான் இருக்கவேண்டும் என்றுகூடக் கூறவில்லை.

ஸிவாக் என்பது இதனினும் அகன்ற சொல். தேய்க்கும் கருவிக்கும் அதுவே பெயர், தேய்த்தல் என்னும் செயலுக்கும் அதுவே பெயர். ஹதீஸ்களில் பெரிதும் காணப்படுவது இச்சொல்லே. தம் சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடும் என்னும் அச்சம் இல்லாதிருப்பின் ஒவ்வொரு தொழுகையின்போதும் ஸிவாக் செய்யுமாறு கட்டளையிட்டிருப்பேன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் பிரபலமான செய்தியில் உள்ளதும் ஸிவாக் என்னும் சொல்தான். குச்சியைக் கட்டளையிட முடியாது. செயலைத்தான் கட்டளையிட முடியும் என்பதை எண்ணிப் பார்த்தால் அங்கே அச்சொல்லின் பொருள் விளங்கிவிடும்.

பாரசீகத்திலும் உருதுவிலும் மிஸ்வாக் என்னும் வடிவம் ஊன்றியிருக்கிறது. தமிழ் முஸ்லிம்களாகிய நம் நாவிலும் அதுவே நிலைத்தது. ஸிவாக் என்பது கிதாபு ஓதுவோரின் சொல்லாக மத்ரஸாவுக்குள் தங்கிவிட்டது. இதன் விளைவை நான் பின்னாளில்தான் உணர்ந்தேன். செயலுக்குப் பெயரான சொல் வெளியே நிற்க, கருவிக்குப் பெயரான சொல் மட்டும் வீட்டுக்குள் வந்தது. கருவியின் பெயர் மட்டும் கையில் இருந்தால், அது எந்தக் கடையில் கிடைக்கும், என்ன விலை என்று மனம் ஓடுவது இயல்புதானே.

சொல்லின் வேருக்கும் கீழே இன்னும் சற்றுத் தோண்டிப் பார்க்கலாம். ஹிஜ்ரி 395இல் மறைந்த இப்னு பாரிஸ் என்னும் பேரறிஞர், அரபு வேர்களுக்கெல்லாம் மூலக்கருத்துக் காண முயன்றவர். ஸீன், வாவ், காஃப் என்னும் வேருக்கு அவர் தரும் மூலக்கருத்து அசைவு, ஆட்டம் என்பதாகும். இரையின்றி மெலிந்த ஒட்டகங்கள் கழுத்து ஆட ஆடத் தள்ளாடி வருவதை அரபிகள் இவ்வேரிலிருந்து பிறந்த வினையால் குறித்தனர் என்றும், ஸிவாக் என்னும் பெயர் இதிலிருந்தே வந்தது என்றும் அவர் கூறுகிறார். குச்சி வாய்க்குள் இங்குமங்கும் அசைவதால் அப்பெயர் பெற்றது என்பது கருத்து. ஹிஜ்ரத்தின்போது நாயகம் (ஸல்) அவர்கள் குதைத் என்னுமிடத்தில் உம்மு மஃபதின் கூடாரத்தில் தங்கிய வரலாறு நம் பெண்களுக்கெல்லாம் தெரிந்ததே. பால் வற்றிய ஆட்டின் மடியில் பால் சுரந்த பிறகு, மாலையில் கணவர் அபூ மஃபத் மெலிந்த ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார். அந்த ஆடுகள் தள்ளாடி வந்ததைச் சொல்லும் இடத்தில் அறிவிப்புகளுள் ஒன்றில் வருவது இதே வேர்ச்சொல்தான். பசித்த ஆட்டின் நடைக்கும் பல் துலக்கும் குச்சிக்கும் ஒரே வேர் என்றால் வியப்பாக இருக்கிறது. ஆனால் மொழிகள் இப்படித்தான் வளர்கின்றன.

நம் தமிழ் இதே செயலை வேறொரு பக்கமிருந்து பார்த்திருக்கிறது. பல் துலக்குகிறோம், பல் விளக்குகிறோம் என்கிறோம். துலங்குதல், விளங்குதல் என்பவை ஒளிர்தலைக் குறிப்பவை. துலங்கச் செய்வது துலக்குதல், விளங்கச் செய்வது விளக்குதல். அரபி கையின் அசைவைப் பார்த்துப் பெயரிட்டான். தமிழன் பல்லின் ஒளியைப் பார்த்துப் பெயரிட்டான்.

பல்லுக்கு அரபியில் ஸின்னு என்று பெயர், பன்மை அஸ்னான். பல்லுக்குப் பல் என்னும் பழிக்குப்பழிச் சட்டத்தை ஸூரத்துல் மாயிதாவின் 45ஆம் வசனம் கூறுமிடத்தில் உள்ள சொல் இதுவே. இதே சொல்லுக்கு வயது என்னும் பொருளும் உண்டு. கால்நடையின் வயதைப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தானே சொல்கிறோம். குர்பானிக்கு முஸின்னாவை அறுங்கள் என்று முஸ்லிம் நூலில் வரும் ஹதீஸின் முஸின்னாவும் இதன் கிளையே. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பு சந்தையில் நின்றுகொண்டு, கிடா பல் போட்டுவிட்டதா என்று நாம் விசாரிப்பதும் அதே வழக்கம்தான். இஸ்தன்ன என்னும் வினையும் இந்த ஸின்னு பக்கமாக வந்ததே. பல்லைத் தேய்த்துத் துலக்கினார் என்பது அதன் பொருள். இவ்வினையைச் சற்று நினைவில் வைத்திருங்கள்; மீண்டும் இங்கே வரவேண்டியிருக்கும்.

இனி கதைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மத்ரஸாவில் இராமநாதபுரக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். தகப்பனார் கடலுக்குப் போகிறவர். உம்மம்மாவிடம் வளர்ந்த பிள்ளை. வந்த முதல் வாரத்தில் ஸுப்ஹு நேரத்தில் ஹவுளருகே அவன் ஒரு குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். மற்றப் பிள்ளைகளில் வசதியுள்ளவர்கள் உறையிலிட்ட மிஸ்வாக் வைத்திருப்பார்கள். சிலர் ஹஜ்ஜுக்குப் போய்வந்த உறவினர் கொடுத்ததைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்திருப்பார்கள். இவன் குச்சியோ ஈரத்துணியில் சுற்றிய, கோணல்மாணலான, தோல் உரிந்த ஒரு துண்டு. இது என்ன குச்சி என்று கேட்டேன். மிஸ்வாக்கு என்றான். யார் கொடுத்தது என்றதற்கு, உம்மம்மா ஒடித்துக் கொடுத்தார்கள், எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்குப் பின்னால் நிற்கிறது என்றான்.

அப்போது நான் சொன்னதை இன்றும் வரி பிசகாமல் நினைவில் வைத்திருக்கிறேன். "மிஸ்வாக் அரபு நாட்டு மரம், தம்பி. இது ஏதோ காட்டுக்குச்சி. பல் விளக்க ஆகும், ஆனால் இதை மிஸ்வாக் என்று சொல்லாதே" என்றேன். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று முதல் கருவைக்குச்சி என்பது அவனுக்குப் பட்டப்பெயராயிற்று. அவன் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த நாள் முதல் பற்பசையும் தூரிகையும் கொண்டு வந்தான். நானும் அதை மறந்துபோனேன்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. என்னோடு கலைக்கல்லூரி விடுதியில் தங்கிப் படித்து, பின்னர் தாவரவியல் பேராசிரியரான நண்பர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். உம்ராவுக்குச் சென்று வந்தவர் கொடுத்த பசிய மிஸ்வாக் ஒன்று என் மேசைமேல் இருந்தது. அவர் அதை எடுத்துத் தோலைக் கீறி, முகர்ந்து, நுனியை மென்று பார்த்தார். கடுகைப்போல் ஓர் உறைப்பு ஏறும். "இது நம் உகா மரம் அல்லவா? வேதாரணியத்துக் கோடியக்கரைக் காட்டில் நிறைய நிற்கிறது. இராமநாதபுரக் கடற்கரையிலும் உண்டு" என்றார். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

அவர் விளக்கியதையும், அதன்பின் நான் நூல்களில் தேடிக் கண்டதையும் சுருக்கிச் சொல்கிறேன். அரபியில் அராக் எனப்படும் மரத்தின் வேரும் கிளையுமே ஸிவாக்குக்குச் சிறந்தவை என்று பெயர் பெற்றவை. தாவரவியலார் அதைச் சால்வடோரா பெர்சிகா என்பர். பெர்சிகா என்றால் பாரசீகத்துக்குரியது. சால்வடோரா என்பது பார்சிலோனா நகரத்து மருந்துக் குடும்பம் ஒன்றின் பெயர். லின்னேயஸ் 1753இல் தம் நூலில் அப்பெயரைப் பதித்தார். அரபு மரமொன்று இப்படி ஐரோப்பிய மருந்துக்காரரின் பெயரைச் சுமக்கிறது. உருது பேசும் நம் சகோதரர்கள் அதைப் பீலு என்பார்கள். தமிழில் உகா, உகாய். குறுந்தொகையின் பாலைப் பாட்டிலேயே உகாய் மரம் வந்துவிடுகிறது. இஸ்லாம் இக்கரைக்கு வருமுன்பே நம் மண்ணில் நின்ற மரம் அது. உவர்நிலத்திலும் கடல்மணலிலும் தாங்கி நிற்கும். எப்போதும் பச்சையாக இருக்கும். சிறுசிறு உருண்டைக் காய்கள் கொத்துக்கொத்தாகக் காய்த்துப் பழுக்கும். உறைப்பும் இனிப்பும் கலந்த பழம்.

அந்தப் பழத்தையும் ஹதீஸில் காணலாம். அராக்கின் முதிர்ந்த கனிக்குக் கபாஸ் என்று பெயர். மக்காவுக்கு அருகிலுள்ள மர்ருல் லஹ்ரான் என்னுமிடத்தில் தோழர்கள் கபாஸ் பறித்துக்கொண்டிருந்தபோது, கறுத்திருப்பவற்றைப் பறியுங்கள், அவையே நல்லவை என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். தாங்கள் ஆடு மேய்த்தீர்களா என்று தோழர்கள் வியந்து கேட்டார்கள். மேய்க்காத நபி உண்டா என்பது மறுமொழி. காட்டுப் பழத்தில் எது நல்லது என்பது மேய்ப்பவனுக்குத்தான் தெரியும் என்பதைத் தோழர்கள் உடனே பிடித்துக்கொண்டதைக் கவனியுங்கள். ஸூரத்து ஸபஃவின் 16ஆம் வசனத்தில், நன்றி கொன்ற ஸபஃ நாட்டாரின் தோட்டங்கள் வெள்ளத்தில் அழிந்தபின் அவர்களுக்கு எஞ்சியவையாகச் சொல்லப்படும் கம்த் என்பதும் அராக்கே என்று விரிவுரையாளர் பலர் உரைத்துள்ளனர்.

நண்பர் சென்றபின் அந்தச் சிறுவனை அழைத்தேன். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அந்த மரத்துக் குச்சி ஒன்று கொண்டு வா என்றேன். அவன் தயங்கித் தயங்கிக் கொண்டு வந்து வைத்தான். இரண்டையும் அருகருகே வைத்து நறுக்கி மென்று பார்த்தேன். ஒரே நார், ஒரே மணம், ஒரே உறைப்பு. நண்பரும் பார்த்து உறுதி செய்தார்.

இந்த இடத்தில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்தக் குச்சி அராக்காக இல்லாமல் வேம்பாகவோ ஆலாகவோ இருந்திருந்தாலும் நான் சொன்னது தவறுதான். நான் பாடம் நடத்தும் கிதாபே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜில், சொரசொரப்பான எப்பொருளாலும் ஸிவாக் நிறைவேறும் என்று எழுதியிருக்கிறார்கள். பல்லுக்குக் குறுக்குவாட்டில் தேய்ப்பது சுன்னத் என்பதும் அங்கேயே இருக்கிறது. அராக் சிறந்தது என்பது வேறு. அராக் மட்டுமே ஸிவாக் என்பது வேறு. ஆண்டுதோறும் அந்த வரியை ஓதிக் கொடுத்துவிட்டு, ஹவுளருகே வந்ததும் அதை மறந்துபோனேன்.

இதற்கு எல்லாவற்றிலும் பெரிய சான்று ஒன்று உண்டு. நாயகம் (ஸல்) அவர்களின் கடைசி நேரம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் நெஞ்சில் சாய்ந்திருக்கிறார்கள். அன்னையின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) உள்ளே வருகிறார். அவர் கையிலிருந்ததை நாயகம் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையின் கருத்தை உணர்ந்து அன்னை அதை வாங்கி, நுனியை மென்று மிருதுவாக்கிக் கொடுக்கிறார்கள். நாயகம் அதனால் பல் துலக்குகிறார்கள். அதுவும் அன்னை கண்டவற்றுள்ளேயே மிக அழகாகத் துலக்குகிறார்கள். புகாரியின் ஓர் அறிவிப்பில் அவர் கையிலிருந்தது பசிய ஸிவாக் என்று இருக்கிறது. இன்னோர் அறிவிப்பில் ஜரீதா என்று இருக்கிறது. ஜரீதா என்றால் பேரீச்சமரத்தின் மட்டை. அங்கே துலக்கினார்கள் என்பதற்கு வந்திருக்கும் வினைதான் நினைவில் வைக்கச் சொன்ன இஸ்தன்ன. அந்த அறிவிப்பின்படி, நாயகம் (ஸல்) அவர்கள் கடைசியாகப் பல் துலக்கியது வீட்டருகே கிடைத்த பேரீச்ச மட்டைத் துண்டால். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், தம் உமிழ்நீரையும் நாயகத்தின் உமிழ்நீரையும் அல்லாஹ் அந்நேரத்தில் ஒன்றுசேர்த்தான் என்று பின்னாளில் பெருமிதத்தோடு நினைவுகூர்வார்கள். இந்த ஹதீஸைப் பாடத்தில் எட்டும்போதெல்லாம் என் குரல் சற்றுத் தாழ்ந்துவிடும்.

மறுநாள் வகுப்பில் பாடம் தொடங்குமுன் அந்தப் பிள்ளையை எழுந்து நிற்கச் சொன்னேன். அவன் பயந்துவிட்டான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இவன் வைத்திருந்தது மிஸ்வாக்தான், அதை மறுத்த நான் அறியாமல் பேசிவிட்டேன், அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். பிறகு அப்துல்லாஹ் இப்னு மஸ்வூத் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். முஸ்னத் அஹ்மதில் வருகிறது. அவர் ஸிவாக்குக்காக அராக் மரத்தில் குச்சி பறித்துக்கொண்டிருந்தார். மெலிந்த கெண்டைக்கால்கள். காற்று அவரை அலைக்கழித்தது. கண்டோர் சிரித்தனர். ஏன் சிரிக்கிறீர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அவருடைய கால்களின் மெலிவைக் கண்டு என்றார்கள். அவ்விரு கால்களும் மீஸானில் உஹது மலையைவிடக் கனமானவை என்று நாயகம் ஆணையிட்டுச் சொன்னார்கள். அன்று சிரித்த பிள்ளைகளில் நால்வர் இன்னும் அந்த வகுப்பில் இருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பிள்ளை தனியாக வந்து நின்றான். "ஹஜ்ரத், நீங்க சொன்னத அன்னைக்கே உம்மம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றான்.

"என்ன சொன்னார்கள்?"

"அசரத்து ஓதுனவங்க, அவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் அவங்களும் அத எடுக்குறதில்ல."

எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண். அவருடைய உம்மாவும் அந்த உம்மாவின் உம்மாவும் ஒளுவுக்கு முன்னால் ஒடித்து வந்த குச்சி. என் ஒரு சொல்லால் இரண்டு ஆண்டுகள் அது விடுபட்டுப்போயிற்று. அவர் அந்தக் குச்சியை மிஸ்வாக்கு என்றே சொல்லி வந்திருக்கிறார். மரத்தை உகா என்று சொல்லி வந்திருக்கிறார். இரண்டு சொல்லும் அவரிடம் சரியாக இருந்தன. என்னிடந்தான் ஒன்று அரைகுறையாக இருந்தது, மற்றொன்று இல்லவே இல்லை.

அந்த ரஜபு மாதத்து விடுமுறையில் அவனோடு புறப்பட்டு அந்த ஊருக்குப் போனேன். அஸருக்குப் பின் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். கதவுக்கு உட்புறம் நின்றபடி அந்த அம்மையார் பேசினார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். நீண்ட நேரம் மறுமொழி வரவில்லை.

"அப்ப நாங்க செஞ்சுக்கிட்டு வந்தது சுன்னத்துத்தானா, அசரத்து?"

"சுன்னத்துத்தான் உம்மா. மரமும் அதே மரம்."

"எனக்குத்தான் இப்ப பல்லு இல்லியே. மூணு நாலுதான் மிச்சம். இனிமே எதுக்குக் குச்சி?"

இதற்கும் நம் முன்னோர் விடை எழுதி வைத்திருக்கிறார்கள் என்றேன். அபூ மூஸா அல் அஷ்அரி (ரலி) அவர்கள் ஒருமுறை நாயகத்திடம் சென்றபோது, நாயகம் குச்சியை நாவின்மீது வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள், உஃ உஃ என்னும் ஓசை எழுந்தது என்று அறிவிக்கிறார்கள். ஆகவே ஸிவாக் பல்லுக்கு மட்டும் உரியதன்று, நாவுக்கும் உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) வழியாக வரும் அறிவிப்பு, ஸிவாக் வாய்க்குத் தூய்மை, இறைவனுக்கு உவப்பு என்று சொல்கிறது. அங்கேயும் பல் என்று இல்லை, வாய் என்றுதான் இருக்கிறது. குச்சி கிடைக்காதபோது விரலால் தேய்த்துக்கொள்ளலாம் என்று ஹனபி நூலாகிய ஹிதாயா கூறுகிறது. ஷாபிஈ மத்ஹபில் தன் விரல் போதாது என்பதே வலுவான சொல்லாக மின்ஹாஜில் இருக்கிறது. அவ்வூரார் ஷாபிஈக்கள் என்பதால் அதையும் சொல்லி, குச்சியின் நுனியை நன்றாக மென்று பஞ்சுபோலாக்கி ஈறுக்கும் நாவுக்கும் மெதுவாகத் தேய்க்கலாம் என்றேன். முரட்டுத்தனமாகத் தேய்த்தால் ஈறு விலகிப்போகும் என்று பல் மருத்துவர்கள் எச்சரிப்பதால் மெதுவாக என்பதை இரண்டு முறை சொன்னேன். நோன்பு வைத்திருக்கும்போது உச்சி சாய்ந்தபின் ஷாபிஈக்கள் ஸிவாக்கை விடுவார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது, சொல்லத் தொடங்கினேன். "அது தெரியும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அதை அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் தேவை எனக்கு இல்லைதான்.

ஸிவாக்கின் எழுபது நன்மைகள் என்று பட்டியலிடும் துண்டுப் பிரசுரங்கள் ஜும்ஆ நாட்களில் பள்ளிவாசல் வாயிலில் அவ்வப்போது கையில் திணிக்கப்படுகின்றன. ஸிவாக்கோடு தொழும் தொழுகை எழுபது மடங்கு என்று அவற்றில் முதலில் போடும் செய்தியைப் பலவீனமானது என்று இமாம் நவவி உள்ளிட்ட அறிஞர்கள் கூறியிருக்கிறார்கள். கண்பார்வை கூடும், நினைவாற்றல் கூடும் என்பனவற்றையெல்லாம் நான் வகுப்பில் சொல்வதில்லை. வாய்க்குத் தூய்மை, இறைவனுக்கு உவப்பு என்னும் இரண்டையும் விட்டுவிட்டு எழுபதைத் தேடுவானேன்?

குச்சியைப் பயன்படுத்தும் முறையைக் கேட்டு எழுதிய வாசகியருக்காக ஒரு வார்த்தை. நுனியில் அரை அங்குலம் அளவுக்குத் தோலைச் சீவி, தண்ணீரில் சற்று ஊறவைத்து, நார் பிரியும்வரை மெல்லுங்கள். நார் தேய்ந்து மணம் போனபின் அந்தப் பகுதியை நறுக்கிவிட்டுப் புதிதாகச் சீவிக்கொள்ளுங்கள். உறையில் மாதக்கணக்கில் காய்ந்து கட்டையாகிப்போனதை வாங்காதீர்கள். பக்கத்தில் வேப்பமரம் நின்றால் அதுவும் போதும். தூரிகையால் தேய்ப்பவர்களும் தொழுகைக்கு முன் தேய்த்தால் ஸிவாக் செய்தவர்களே என்பது, சொரசொரப்பான எப்பொருளும் என்னும் சொல்லிலிருந்தே விளங்கும்.

ஜைத் இப்னு காலித் (ரலி) என்னும் தோழர், எழுத்தர் எழுதுகோலைச் செருகிக்கொள்வதைப்போல ஸிவாக்கைக் காதோரம் செருகிக்கொண்டு பள்ளிவாசலுக்கு வருவார் என்று திர்மிதியில் வருகிறது. மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் நாங்கள் எழுந்தோம். வாசலில் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பிள்ளை பள்ளிவாசலுக்குப் பின்புறம் ஓடினான். திரும்பி வந்தபோது அவன் காதில் ஒரு குச்சி செருகியிருந்தது. கையில் மூன்று குச்சிகள். ஒன்றை என்னிடம் நீட்டினான். ஒன்றைத் தனக்கென்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மூன்றாவதை எடுத்துக்கொண்டு கதவுக்கு உட்புறம் போனான்.